மின்னஞ்சல் மென்பொருள் உருவாக்கத்தில் வடிவமைப்புத் தெரிவுகள்

மின்னஞ்சல் மென்பொருள் என்பது பயனரின் கணினியிலோ கைப்பேசியிலோ இருந்துகொண்டு, வழங்கியில் வந்து சேர்ந்த அஞ்சல்களைப் பெற்றுக் காட்டுவது, எழுதியதை அனுப்புவது, பழையவற்றைச் சேமித்துத் தேடித் தருவது ஆகிய வேலைகளைச் செய்யும் நிரல் ஆகும். தண்டர்பேர்ட், அவுட்லுக், ஆப்பிள் மெயில், மட் ஆகியவை இவ்வகையில் பலர் அறிந்தவை. கணினி பயிலும் மாணவர்கள் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ள எளிய பொருள் போலத் தோன்றும். கோப்புறைகள் ஒரு பக்கம், அஞ்சல் பட்டியல் ஒரு பக்கம், 'அனுப்பு' என்றொரு பொத்தான்; வெளித்தோற்றம் அவ்வளவுதான். உள்ளே இறங்கினால் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவுகளில் சில, முன்பின் அறியாத ஒருவரின் இருபது ஆண்டுக் கடிதங்கள் பிழைத்திருக்குமா என்பதையே தீர்மானிப்பவை. முக்கியமான தெரிவுகளையும், முன்னர் வெளிவந்த மென்பொருள்கள் அவற்றில் கண்ட அனுபவத்தையும் இங்குக் காண்போம்.

சுருக்கமான முன்வரலாறு

1971இல் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். அப்போது எழுதுவதற்கு ஒரு நிரல், படிப்பதற்கு வேறொரு நிரல். லாரி ராபர்ட்ஸ் எழுதிய ஆர்.டி. என்ற நிரல், வந்த அஞ்சல்களைப் பட்டியலிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்க வழிசெய்தது. 1975இல் ஜான் விட்டல் உருவாக்கிய எம்.எஸ்.ஜி. என்ற நிரலில்தான் 'பதில் எழுது' என்ற கட்டளை வந்தது. இன்று நமக்கு அது மிகச் சாதாரணம். ஆனால் பெறுநரின் முகவரியை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டாம் என்ற அந்த ஒரு வசதியே மின்னஞ்சலை உரையாடலாக மாற்றியது எனலாம்.

1982இல் அஞ்சலை அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையும், அஞ்சலின் தலைப்பகுதி எப்படி அமைய வேண்டும் என்ற வரையறையும் வெளியாயின. 1992இல் வந்த மைம் தரநிலை, ஆங்கில எழுத்து மட்டுமே செல்லக்கூடிய பாதையில் படம், ஒலி, பிற மொழி எழுத்துகள் அனைத்தையும் அனுப்ப வழிகாட்டியது. இதன் ஆசிரியர்கள் நத்தானியல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவர். இன்று எழுதப்படும் எந்த மின்னஞ்சல் மென்பொருளும் இந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

கடிதம் எங்கே இருக்க வேண்டும்?

அனுப்புவதில் பெரிய தெரிவு ஏதுமில்லை, எஸ்.எம்.டி.பி. ஒன்றே வழி. பெறுவதில்தான் முதல் கேள்வி எழுகிறது. பாப் நெறிமுறை, வழங்கியிலுள்ள அஞ்சலைக் கணினிக்கு இறக்கிவிட்டு வழங்கியிலிருந்து அழித்துவிடும் பழக்கத்தை ஒட்டி அமைந்தது. தொலைபேசி வழியே இணையத்தில் நுழைந்து, நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்திய காலத்துக்கு அது பொருத்தம். ஸ்டீவ் டோர்னர் 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எழுதிய யூடோரா அந்த முறையில் புகழ்பெற்றது. நம் வீட்டு வாயிலில் தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவது போன்றது இது. அதன்பின் அஞ்சல் அலுவலகத்தில் அக்கடிதத்தின் நகல் எதுவும் இராது.

ஐமேப் நெறிமுறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்தார். இதில் அஞ்சல் வழங்கியிலேயே இருக்கும். நம் கணினியில் தெரிவது அதன் பிம்பம். அலுவலகக் கணினியில் படித்தது வீட்டுக் கைப்பேசியிலும் 'படித்தது' என்றே காட்டும். ஒருவரிடம் இரண்டு மூன்று கருவிகள் உள்ள இன்றைய நிலையில் ஐமேப்பை முதன்மையாகக் கொள்வதே சரி என்பதில் ஐயமில்லை. அதற்காகப் பாப்பை முற்றிலும் விட்டுவிடுவதும் முறையன்று. தம் கடிதங்கள் பிறர் வழங்கியில் தங்க வேண்டாம் என்று விரும்புவோர் உண்டு. ஒரு விதி மட்டும் மீறக்கூடாதது. பாப் வழியே இறக்கிய அஞ்சல் வன்தட்டில் முழுமையாக எழுதப்பட்டுவிட்டது என உறுதியான பிறகே வழங்கிக்கு 'அழி' என்ற கட்டளை போக வேண்டும். இந்த வரிசை மாறினால், இடையில் மின்சாரம் நின்றாலே கடிதம் இரு இடத்திலும் இராது.

ஐமேப்பைத் தேர்ந்தவுடன் வேறொரு கூட்டம் கேள்விகள் வருகின்றன. இணைப்பு இல்லாதபோதும் படிக்க வேண்டுமானால் உள்ளூரில் ஒரு நகல் வைக்க வேண்டும். நகலும் மூலமும் ஒத்துப்போக, வழங்கி ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண் ஏறுவரிசையிலேயே செல்லும். ஒருமுறை கொடுத்தது மறுபடி வேறோர் அஞ்சலுக்கு வராது. இதனுடன் கோப்புறைக்கென்று 'செல்லுபடி எண்' ஒன்றும் உண்டு. அது மாறியிருந்தால், நாம் சேர்த்துவைத்த எண்கள் எல்லாம் பொருளற்றவை. உள்ளூர் நகலைக் களைந்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். புதிதாக எழுதுவோர் பலர் இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடுகின்றனர். பல மாதங்கள் எல்லாம் நன்றாக நடக்கும். ஒருநாள் வழங்கி நிர்வாகி பழைய காப்பிலிருந்து அஞ்சல் பெட்டியை மீட்டமைப்பார். அன்று பயனர் ஓர் அஞ்சலை அழிக்கச் சொல்ல, அதே எண்ணில் இப்போது இருக்கும் வேறோர் அஞ்சல் அழியும்.

அழிப்பது என்பதும் ஐமேப்பில் நாம் நினைப்பது போன்றதன்று. 'அழிக்கப்பட்டது' என்ற குறி மட்டுமே முதலில் விழும். கோப்புறையைத் துப்புரவு செய்யும் கட்டளை தனியே வந்த பிறகே அஞ்சல் உண்மையில் நீங்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மென்பொருள் இதை மறைக்காமல், அழிக்கக் குறித்த அஞ்சலைப் பட்டியலிலேயே ஒரு குறியுடன் வைத்திருந்தது. பொதுமக்களுக்குக் குப்பைத்தொட்டி என்ற கருத்தே புரிந்தது. தண்டர்பேர்ட் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல், குப்பைக்கு நகர்த்துவதா, குறி மட்டும் இடுவதா, உடனே நீக்குவதா என்று அமைப்புகளில் கேட்கிறது. முன்னிருப்பு குப்பைக்கு நகர்த்துவதாக இருப்பது நல்ல முடிவு.

அனுப்பிய அஞ்சலின் நகல் இன்னொரு சிக்கல். ஐமேப்புக்கு அனுப்பத் தெரியாது; எஸ்.எம்.டி.பி.க்குச் சேமிக்கத் தெரியாது. எனவே 10 மெகாபைட் படம் இணைத்த அஞ்சலை முதலில் அனுப்பிவிட்டு, அதே 10 மெகாபைட்டை 'அனுப்பியவை' கோப்புறைக்கு மறுபடி ஏற்ற வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது வேலை தடைப்பட்டால் என்ன செய்தி காட்டுவது? 'பிழை ஏற்பட்டது' என்று பொதுவாகக் காட்டினால், பயனர் அஞ்சல் போகவில்லை என்று கருதி மீண்டும் அனுப்புவார். வேலைக்கான விண்ணப்பமோ விலைப்புள்ளியோ இருமுறை போய்ச் சேரும். 'அஞ்சல் சென்றுவிட்டது, நகல் மட்டும் சேமிக்கப்படவில்லை' என்று பிரித்துச் சொல்வது ஒரு வரி வேலைதான். ஜிமெயில் போன்ற சேவைகள் அனுப்பும்போதே தாமாக நகல் வைத்துக்கொள்கின்றன. அங்கே மென்பொருளும் நகல் ஏற்றினால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். 2019இல் தரநிலையான ஜேமேப் நெறிமுறை அனுப்புதல், சேமித்தல் இரண்டையும் ஒரே பாதையில் கொண்டுவந்து இதைத் தீர்க்கிறது. ஆயினும் அதை ஏற்கும் சேவைகள் இன்னும் குறைவு என்பதால், அதை மட்டும் நம்பி மென்பொருள் எழுத இயலாது.

வன்தட்டில் வைக்கும் முறை

உள்ளூரில் அஞ்சலைச் சேமிக்க மூன்று வழிகள் உள்ளன. பழைமையானது எம்பாக்ஸ். ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தும் ஒரே நீண்ட உரைக்கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். 'ஃபிரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் ஒரு வரியின் தொடக்கத்தில் வந்தால் புதிய அஞ்சல் தொடங்குகிறது என்று பொருள். அப்படியானால் கடிதத்துக்குள்ளேயே ஒருவர் அச்சொல்லால் ஒரு வரியைத் தொடங்கினால்? அதன் முன்னே ஓர் அம்புக்குறியை நுழைத்துவிடுவது வழக்கம். பழைய ஆங்கிலக் கடிதங்களில் காரணமின்றி நிற்கும் அந்த அம்புக்குறியைப் பலர் பார்த்திருக்கலாம். ஓர் எழுத்துத்தானே என்று விட முடியாது. மின்கையொப்பமிட்ட அஞ்சலில் ஓர் எழுத்து கூடினாலும் கையொப்பம் பொய்த்துவிடும்.

எம்பாக்ஸில் நடுவிலுள்ள ஓர் அஞ்சலை அழித்தால் அந்த இடம் உடனே விடுபடாது. கோப்பு முழுவதையும் திரும்ப எழுதிச் சுருக்க வேண்டும். பல ஜிகாபைட் கோப்பில் அந்த வேலை நடக்கும்போது கணினி நின்றுவிட்டால் விளைவு கடுமை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைப்பதன் ஆபத்துக்கு அவுட்லுக்கின் பழைய சேமிப்புக் கோப்பும் சான்று. அதற்கு 2 ஜிகாபைட் உச்சவரம்பு இருந்தது. அந்த எல்லையைத் தொட்ட கோப்புகள் பழுதுபட்டுத் திறக்க மறுத்தன. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் புதிய வடிவம் வந்தது.

டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் வழங்கிக்காக வகுத்த மெயில்டிர் முறையில் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. கோப்புறைக்குள் தற்காலிகம், புதியது, நடப்பு என்ற பொருளில் மூன்று உட்கோப்புறைகள் இருக்கும். அஞ்சல் முதலில் தற்காலிகத்தில் எழுதப்பட்டு, முழுமையான பிறகே புதியதுக்குள் நகர்த்தப்படும். ஆகவே பாதி எழுதிய கடிதம் ஒருபோதும் பட்டியலில் தலைகாட்டாது. படித்தது, பதிலளித்தது போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே எழுத்துகளாக ஒட்டிக்கொள்ளும். இதன் குறை, ஒரு இலட்சம் அஞ்சல் என்றால் ஒரு இலட்சம் கோப்புகள். அவற்றைப் பட்டியலிடவும் படியெடுக்கவும் நேரம் பிடிக்கும்.

மூன்றாவது வழி, எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம். தேடலும் வரிசைப்படுத்தலும் விரைவு. ஆனால் அந்த அமைப்பு அம்மென்பொருளுக்கு மட்டுமே தெரிந்தது. உருவாக்கிய நிறுவனம் கைவிட்டால் கடிதங்களை வெளியே எடுப்பது பயனரின் தலைவலி.

என் கருத்தில் இரண்டையும் கலப்பதே சிறந்தது. வழங்கி தந்த அஞ்சலை ஒரு பைட்டும் மாற்றாமல் தனிக்கோப்பாக வைக்க வேண்டும். தரவுத்தளத்தில் தேடலுக்கான அட்டவணையை மட்டும் வைக்க வேண்டும். தரவுத்தளம் கெட்டுப்போனால் மூலத்திலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். மூலம் கெட்டால் எதனாலும் மீட்க முடியாது. மூலத்தை மாற்றாமல் வைப்பதன் அருமை தமிழ் அஞ்சல்களில் எப்படி வெளிப்பட்டது என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

தமிழ் எழுத்து படும் பாடு

1990களின் பிற்பகுதியில் தமிழில் மின்னஞ்சல் எழுதியோர் டிஸ்கி, டாம், டாப் போன்ற எட்டுபிட்டு எழுத்துக் குறியேற்றங்களைப் பயன்படுத்தினர். ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பகுதியிலும் எந்தக் குறியேற்றம் என்று சொல்ல ஓர் இடம் உண்டு. அக்காலத்தில் தமிழ்க் குறியேற்றங்கள் பன்னாட்டுப் பட்டியலில் பதிவாகவில்லை. ஆதலால் அஞ்சல்கள் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்ற முத்திரையுடனேயே பயணம் செய்தன. படிப்பவர் தாமாக எழுத்துருவை மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சலின் மூலப் பைட்டுகளை அப்படியே வைத்திருந்த மென்பொருள்களிலிருந்து அக்கடிதங்களைப் பின்னாளில் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. முத்திரையை நம்பி உள்ளடக்கத்தை மாற்றி எழுதிய இடங்களில், புரியாத எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள் மட்டும் மிஞ்சின. கேள்விக்குறியிலிருந்து கடிதத்தை மீட்க வழியில்லை. எனவே 'குறியேற்றத்தை மாற்றிப் பார்' என்ற பட்டியல் விருப்பம் பழைமையானது என்று நீக்கத்தக்கதன்று. பழைய கடிதங்கள் வைத்திருப்போருக்கு அது வேண்டும்.

யூனிகோடு வந்த பிறகு இத்தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனாலும் தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. 'வணக்கம்' என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் புள்ளிகளும் தனியே எண்ணப்படுவதால் 7 குறியீடுகள், பைட்டில் 21. இதை ஏழுபிட்டுப் பாதையில் அனுப்ப மைம் தரநிலை இரு வழிகள் தருகிறது. ஒன்று, ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்துகளாக எழுதும் 'மேற்கோள்' முறை. 'வணக்கம்' 63 எழுத்தாகும். மற்றது பேஸ்64, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும் இம்முறையில் அதே சொல் 28 எழுத்துதான். ஆங்கிலமும் இடையிடையே ஓரிரு பிரெஞ்சு எழுத்தும் வரும் கடிதத்துக்கு முதல் முறை சிக்கனம். தமிழுக்குப் பேஸ்64தான். நல்ல மென்பொருள் உள்ளடக்கத்தைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

பொருள்வரியில் இன்னும் நுட்பமான தடை உண்டு. குறியேற்றப்பட்ட ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முன்னும் பின்னும் வரும் அடையாளங்களுக்கு 12 எழுத்து கழிந்தால் 63 மிஞ்சும். பேஸ்64 நான்கின் மடங்காகவே வரும் என்பதால் பயன்படக்கூடியது 60. அதாவது 45 பைட்டு, தமிழில் 15 குறியீடுகள். அதற்கு மேற்பட்ட பொருள்வரியைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகள் இரண்டு துண்டுகளில் சிதறக்கூடாது என்பது விதி. பைட்டுகளை எண்ணிக் கண்மூடித்தனமாக வெட்டும் நிரல்களால்தான் தமிழ்ப் பொருள்வரியின் நடுவே சில இடங்களில் கறுப்புக் கட்டமும் கேள்விக்குறியும் தோன்றுகின்றன. பட்டியலில் இடம் போதாமல் பொருள்வரியைச் சுருக்கிக் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். 'கொ' என்பதைப் பாதியில் வெட்டினால் 'க' மட்டும் நிற்கும். அந்த அபாயம் சிரிப்புக்குரியது மட்டுமன்று.

தேடலில் மேலும் இரண்டு செய்திகள். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. அட்டவணையில் சேர்க்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், கண்முன் இருக்கும் சொல் தேடலில் கிடைக்காது. அடுத்தது நம் இலக்கணம். 'பள்ளி' என்று தேடினால் 'பள்ளிக்கு', 'பள்ளியில்' என்பவற்றை முன்னொட்டுத் தேடலால் பிடித்துவிடலாம். 'மரம்' என்று தேடுவோருக்கு 'மரத்தில்' கிடைக்காது. இடையே அத்துச் சாரியை வந்து மகர ஈற்றை நீக்கிவிட்டது. மகர ஈற்றுச் சொல்லைத் தேடும்போது அத்துச் சாரியை பெற்ற வடிவத்தையும் சேர்த்துத் தேடினாலே பெரும்பகுதி தீரும். ஆங்கிலத்துக்கு எழுதிய தேடுபொறி நிரல் இதைத் தானாகச் செய்யாது. எட்டாம் வகுப்பு இலக்கணம் நிரலருக்குப் பயன்படும் இடம் இது.

2012இல் வந்த தரநிலையின்படி மின்னஞ்சல் முகவரியே தமிழில் இருக்கலாம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் ஆள்களப் பெயர்களும் உள்ளன. முகவரி சரியா என்று சோதிக்கும் பழைய நிரல்துண்டு ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்பதாக இருந்தால், செல்லுபடியாகும் தமிழ் முகவரியைப் 'பிழை' என்று தள்ளிவிடும். அதே வேளையில் 'உ' என்ற எழுத்தும் '௨' என்ற தமிழ் எண்ணும் பார்வைக்கு ஒன்றே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இத்தகைய கலப்பைப் போலி முகவரிக்குப் பயன்படுத்த முயல்வோர்க்கு எதிராக ஓர் எச்சரிக்கை தேவை.

காட்டுவதிலுள்ள ஆபத்து

வெற்று உரையாக வந்த அஞ்சல் தீங்கு செய்யாது. மீயுரையாக, அதாவது வலைப்பக்கத்தின் மொழியில் வரும் அஞ்சல் அப்படியன்று. அதை அப்படியே உலாவிப் பொறியிடம் கொடுத்தால், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய வலைப்பக்கத்தை நம் கணினிக்குள் திறந்ததற்குச் சமம். நிரல்வரிகள் இயங்க அனுமதிக்கக்கூடாது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை.

வெளியிலிருந்து வரும் படங்கள் பற்றித்தான் விவாதம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி அளவுப் படத்தை அஞ்சலில் வைத்து, அது எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து கேட்கப்பட்டது என்று அனுப்புநர் அறிந்துகொள்கிறார். பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டை உண்டு. ஆனால் பெறுபவர் தாமே கையெழுத்திட்டு அனுப்புகிறார். மின்னஞ்சலிலும் அதற்கு நேரான 'படித்ததற்கான ஒப்புகை' வசதி இருக்கிறது. அனுப்பட்டுமா என்று பயனரைக் கேட்க வேண்டும் என்பதே அதன் நெறி. ஒற்றைப்புள்ளிப் படம் அந்தக் கையெழுத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது. தண்டர்பேர்ட் வெளிப்படங்களை முன்னிருப்பாகத் தடுத்து, வேண்டுமானால் காட்டுகிறது. ஜிமெயில் 2013 முதல் தன் வழங்கி வழியே படங்களைப் பெற்றுத் தருவதால் பயனரின் இணைய முகவரி மறைகிறது. ஆப்பிள் மெயில் 2021இல், பயனர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எப்போது படித்தார் என்ற செய்தி அதனால் பயனற்றுப் போகிறது. மூன்றில் தண்டர்பேர்டின் வழியே நேர்மையானது என்பது என் எண்ணம். சிறு குழு உருவாக்கும் மென்பொருளுக்கு இயலக்கூடியதும் அதுவே.

மறையாக்கம் செய்த அஞ்சலும் காட்டும் முறையால் வெளிப்படலாம் என்பதை 2018 மே மாதம் வெளியான 'ஈஃபெயில்' ஆய்வு காட்டியது. தாக்குபவர், கைப்பற்றிய மறைகடிதத்துக்கு முன்னே, முடிவுபெறாத ஒரு படமுகவரியைக் கொண்ட மீயுரைப் பகுதியை வைத்து, பின்னே அதை முடிக்கும் பகுதியை வைத்து, உரியவருக்கே அனுப்புவார். சில மென்பொருள்கள் நடுப்பகுதியைத் திறந்து மூன்றையும் ஒரே ஆவணமாக ஒட்டின. விளைவாக, திறந்த கடிதமே படமுகவரியின் ஒரு பகுதியாகித் தாக்குபவரின் வழங்கிக்குப் போனது. இதில் மறையாக்கக் கணிதத்தை எவரும் உடைக்கவில்லை. தனித்தனிப் பகுதிகளைத் தனித்தனியே காட்டாமல் ஒட்டியதே குற்றம்.

இணைப்புகளில் பெற்ற பாடம் இதைவிடப் பழையது. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐலவ்யூ' நச்சுநிரல், உரைக்கோப்பு போன்ற பெயருடன் வந்தது. உண்மையான பின்னொட்டு அதற்கு அடுத்து இருந்தது. விண்டோஸ் அதை முன்னிருப்பாக மறைத்ததால் காதல் கடிதம் என்று நம்பித் திறந்தனர். நிரல் இயங்கி, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. அழகுக்காக ஒரு பின்னொட்டை மறைத்த முடிவு அது. இன்று கைப்பேசி மென்பொருள்கள் இடம் போதாது என்று அனுப்புநரின் முகவரியை மறைத்துப் பெயரை மட்டும் காட்டுவதும் அதே வகைதான். பெயரை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். 'வங்கி மேலாளர்' என்ற பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத முகவரி ஒன்று இருப்பது, ஓய்வூதியதாரர் ஒருவர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்ட பிறகு தெரிந்து பயனில்லை. முதன்முறை எழுதுபவரின் முகவரியையாவது முழுமையாகக் காட்ட வேண்டும்.

உரையாடலாகக் கோத்தல்

ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனி அடையாளம் உண்டு. பதில் அஞ்சல், தான் எதற்குப் பதில் என்பதையும் அதற்கு முந்தைய சங்கிலியையும் தலைப்பகுதியில் குறிப்பிடும். இவற்றைக் கொண்டு அஞ்சல்களை மரமாகக் கோக்கும் முறையை நெட்ஸ்கேப் மென்பொருளுக்காக ஜேமி ஸவின்ஸ்கி உருவாக்கினார். பின்னர் அதை விரிவாக எழுதியும் வெளியிட்டார். நடுவிலுள்ள அஞ்சல் அழிந்திருந்தாலும் அவ்விடத்தில் வெற்றுக் கணு ஒன்றை வைத்துக் கிளைகளைக் காப்பது அதன் சிறப்பு. 2004இல் வந்த ஜிமெயில் மரத்தை விட்டு, உரையாடலை ஒரே நேர்வரிசையாகக் காட்டியது. இருவர் பேசும்போது அது இனிது. இருபது பேர் பேசும்போது யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது மறைந்துவிடும்.

தலைப்பகுதிச் செய்தி இல்லாத அஞ்சல்களைப் பொருள்வரியை வைத்துக் கோப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு பள்ளி அலுவலகத்தின் பெட்டியில் 'விடுப்பு விண்ணப்பம்' என்ற பொருள்வரியுடன் ஆண்டுக்கு நூறு அஞ்சல் வரும். அவை எல்லாம் ஒரே உரையாடல் ஆகா.

'அனைவருக்கும் பதில்' பொத்தானை 'பதில்' பொத்தானின் அருகிலேயே வைப்பதால் நேரும் சங்கடங்கள் எல்லோரும் அறிந்தவை. அனுப்பியதைத் திரும்பப் பெறுதல் என்று ஒன்று இல்லை; அஞ்சல் அடுத்த வழங்கியின் கைக்குப் போய்விட்டால் போனதுதான். ஜிமெயிலின் 'அனுப்பியதை மீளப்பெறு' வசதி உண்மையில் 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் பிடித்துவைத்திருப்பதே. தன் மென்பொருளில் இதைச் செய்ய விரும்புவோர், அந்த விநாடிகளுக்குள் பயனர் கணினியை மூடினால் என்ன ஆகும் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை திறந்ததும் அனுப்புவதா, வரைவாக வைத்துக் கேட்பதா? கேட்பதே நல்லது.

இணைப்பு மறந்துபோனதை நினைவூட்டும் வசதிக்கும் தமிழ் தெரிய வேண்டும். 'இணைத்துள்ளேன்', 'இணைக்கப்பட்டுள்ளது', 'இணைப்பைக் காண்க' என வடிவங்கள் பல. 'இணை' என்ற பகுதியை மட்டும் தேடினால் 'இணையம்' என்று எழுதும்போதெல்லாம் எச்சரிக்கை எழும்.

இணைப்பும் கடவுச்சொல்லும்

இவற்றில் தெரிவுக்கு அதிக இடமில்லை. ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 ஆகிய முனையங்களில் தொடக்கம் முதலே மறையாக்கம் செய்த இணைப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2018 முதலான பரிந்துரை. மறையாக்கம் கிடைக்காவிட்டால் வெறும் இணைப்புக்கு இறங்கிவிடும் 'உதவி' செய்யக்கூடாது. இடையிலிருப்பவர் மறையாக்கத்தைத் தடுத்தாலே கடவுச்சொல் அவர் கைக்குப் போய்விடும். கூகுள் தனிப்பட்ட கணக்குகளில், கடவுச்சொல்லை மட்டும் வாங்கி நுழையும் பழைய செயலிகளுக்கான அனுமதியை 2022 மே மாதத்துடன் நிறுத்தியது. ஓஆத் என்ற அனுமதிச் சீட்டு முறையை ஆதரிக்காமல் புதிய மென்பொருள் எழுதுவதில் பொருளில்லை.

மாணவர்கள் தொடங்குவதற்கு

பைத்தான் மொழியின் இயல்பான நூலகத்திலேயே ஐமேப், எஸ்.எம்.டி.பி., அஞ்சல் பகுப்பு மூன்றுக்கும் கூறுகள் உள்ளன. முதல் பதிப்பு படிக்க மட்டும் செய்வதாக இருக்கட்டும். ஐமேப்பில் கோப்புறையைத் திறக்க இரு கட்டளைகள் உண்டு. 'செலக்ட்' மாற்றங்களை அனுமதிக்கும், 'எக்ஸாமின்' பார்க்க மட்டும் அனுமதிக்கும். இரண்டாவதைப் பயன்படுத்தினால் நிரலில் எவ்வளவு பிழை இருந்தாலும் பெட்டிக்குச் சேதமில்லை. அஞ்சலின் உடலைக் கேட்கும்போது 'பீக்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றங்களை அனுமதிக்கும் பதிப்புக்கு வந்த பிறகு, பட்டியலில் முன்னோட்டம் காட்டுவதற்காக எடுத்த அஞ்சல்கள் எல்லாம் 'படித்தது' என்று மாறிவிடும். சோதனைக்கென்று தனிக்கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் நீண்ட தமிழ்ப் பொருள்வரி கொண்ட அஞ்சல், பொருள்வரியே இல்லாத அஞ்சல், தவறான குறியேற்ற முத்திரை இட்ட அஞ்சல், ஒரே பெயரில் இரண்டு இணைப்புகள் உள்ள அஞ்சல் ஆகியவற்றை அனுப்பிவைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.